மேன்பவர் நாலுக்கு வீடு வேண்டும்

கிடங்குகளுக்கு ஆள் அனுப்புவது என் தொழில். ஆனால் ‘ஆள்’ என்றால் மரியாதைக் குறைவாம், எழுத்தில் மனிதவளம், போனில் மேன்பவர். விடிய ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு பேர் குறைகிறதே என்று தலையைச் சொறிந்தவர்களே, வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

ஆறில் ஒன்று

எங்கள் நகரின் ஒனிஹங்கா பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கு. மேற்பார்வையாளர் கண்ணன், மதுரைக்காரர். ‘நாளைக்கு ஆறு மேன்பவர்’ என்று செய்தி அனுப்புவார். பெயர் அவரும் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். பட்டியலில் மேன்பவர் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எழுதி அனுப்பிவிடுவேன். நாலாவது, பாபகூராவிலிருந்து ரயிலில் வரும் சிவநேசன் ஐயா. வயது ஐம்பத்தெட்டு. முதல் நாளே கண்ணன் போன் எடுத்தார்.

“அக்கா, மேன்பவர் கேட்டா எங்க மாமனார் வயசுல ஒருத்தரை அனுப்பி வச்சிருக்கீங்களே!”

இல்லாத மனிதர்

எட்டு மாதம் ஐயா ஒரு நாளும் தவறவில்லை. தம்பி வீட்டு கராஜில் மனைவியோடு ஒண்டிக் கிடந்தவருக்கு மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு சின்ன வீடு வாடகைக்குச் சரிவரும் போலிருந்தது. வீட்டு ஏஜென்ட், வேலையை உறுதிசெய்யக் கிடங்குக்குப் போன் பண்ணினார். அங்கே அலுவலகப் பெண் பட்டியலைப் பார்த்திருக்கிறாள். சிவநேசன் என்று யாரும் இங்கே இல்லை என்றுவிட்டாள். வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

பட்டியல் என் கைவேலை. மறுநாள் ஐயா வேலைக்கு வரவில்லை. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கக்கூட இல்லை.

“அங்க இல்லாத ஆள் எப்பிடிப் பிள்ளை வேலைக்கு வாறது?”

கணக்குச் சரி

அவருக்குப் பதிலாகக் கட்டுமஸ்தான ஒருவரை அனுப்பினேன். பத்து மணிக்குள் கண்ணன் அலறினார். வாசலில் மூன்று லொறி நிற்கிறது, எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று பெரியவருக்குத்தான் தெரியுமாம்.

“ஆறு மேன்பவர் வந்ததுதானே, கணக்குச் சரிதானே?” என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. பிறகு வீட்டுக் கதையைச் சொல்லி, ஒரு நிபந்தனையும் வைத்தேன்: நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் தந்தால் வருவார், இல்லாவிட்டால் நான் கூப்பிடவே மாட்டேன்.

“சரிக்கா, மேல பேசி லெட்டர் வாங்கிடுறேன். ஐயாவோட பேரு என்ன?”

எங்கள் தொழிலில் எட்டு மாதம் உழைத்துக் கிடைக்காத பெயர், ஒரு நாள் வராமல் இருந்தால் கிடைத்துவிடுகிறது.