மணிமேகலையின் பேனாச் சோதனை

சூளகிரிப் பக்கத்து ஊர்களில் மணிமேகலை நுழைந்தால் போதும், சட்டையைக் கழற்றச் சொல்வாள் என்று ஆண்கள் கொல்லைப்பக்கம் நழுவுவார்கள். வீடு வீடாகப் போய்த் தொழுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. நான் அதே சுகாதார நிலையத்தில் நர்ஸ். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அதட்டுவாள். கண்ணை மூடச் சொல்லி, தேமலைப் பேனா முனையால் தொட்டு, "தெரியுதா?" என்பாள். தொழுநோய்த் தேமல் என்றால் தொடுவது தெரியாது. பயந்தவர்கள் எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்பார்கள். அவள் லேசுப்பட்டவளா? தொடாமலே ஒருமுறை கேட்பாள். அதற்கும் "தெரியுது" என்றால் ஆள் அகப்பட்டார்.

"மறைச்சா நோவு போயிருமா? சீக்கிரம் வந்தா மாத்திரையிலயே சரியாப் போவும்" என்று திட்டிவிட்டு, அந்த வீட்டுச் சொம்பிலேயே தண்ணீர் வாங்கிக் குடிப்பாள்.

போன தை மாதம் அவளுடைய இடது கன்னம் மரத்துப்போனது. கண்ணும் வீங்கிப் பிதுங்கியது. வலி இல்லை. என்னிடம் "தூக்கமில்லக்கா" என்றாள். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் சத்யப்ரியாவுக்குச் சம்பந்தம் பேசியிருந்த நேரம். மரத்துப்போனால் என்ன நோய் என்று அவளுக்கா தெரியாது? வீட்டில் தன் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துக்கொண்டு, விரதம் என்றாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவள்!

ஆறாம் மாதம் அந்தக் கண் மங்கி, ஸ்கூட்டியோடு விழுந்த பிறகுதான் எல்லாம் சொன்னாள். பெங்களூருக்கு இழுத்துப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். தொழுநோயே இல்லை. எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற நோயாம். கண்குழிக்குள் வீங்கி, கன்னத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு பருத்திருந்தது; பார்வை நரம்பும் நசுங்கியிருந்தது.

"சீக்கிரம் வந்திருந்தா பார்வையும் மாத்திரையிலயே சரியாகியிருக்கும்மா" என்றார் டாக்டர்.

ஸ்டீராய்டு மாத்திரையில் வீக்கம் வடிந்தது. மகள் கல்யாணமும் நடந்தது. இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள், "பார்வையும் வந்திருச்சுக்கா" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் பையிலிருந்த பேனாவையே எடுத்தேன்.

"கண்ண மூடு."

கன்னத்தைத் தொட்டேன். தொட்ட இடத்தைச் சரியாகக் காட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு பேனாவைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தேன். அவளுடைய வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணைத் திறக்கச் சொல்லி, என் வெறும் கையை நீட்டினேன்.

"கையில என்னடி?"

"பேனாதானக்கா. நல்லாத் தெரியுது."