அசனக் கறியில் நான் போட்ட உப்பு

இருபத்தைந்து வருடமாக எனக்குச் சோறு போடுவது உப்பு வியாபாரம். ஆனால் ஓர் அண்டாக் கறிக்கு எவ்வளவு உப்பு என்பது எனக்குத் தெரியாது. இந்த ரகசியத்தை எங்கள் சபையார் அத்தனை பேரும் ஒரே மதியத்தில் நாக்கால் அறிந்துகொண்டார்கள்.

எங்கள் வேதக்கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் என்ற பொதுவிருந்து. சபையார் எல்லோருக்கும் ஆட்டுக்கறிச் சோறு. நாங்கள் ஐயர் என்று அழைக்கும் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணும்வரை அண்டாவிலிருந்து ஒரு சொட்டுகூட யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் உப்பெல்லாம் கைக்கணக்குத்தான். அந்தக் கை, சபைச் செயலாளர் அண்ணாச்சியின் கை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அங்கே மிச்சமான அதட்டலையெல்லாம் எங்களுக்குத் தருகிறார். பாட்டுக்குழு தாளம் தப்பினால் நடுப்பாட்டில் நிறுத்துவார். ஜெபம் நீண்டால் ஐயருக்கே தொண்டையைச் செருமிக் காட்டுவார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் காலையில் கஞ்சித் தூக்கோடு வந்து நின்றவரும் அவர்தான். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, வார்டு சுத்தமில்லை என்று நர்சுகளைத் திட்டிவிட்டுப் போவார். அவரைப் போல நடந்து, பேசிக் காட்டி டீக்கடையில் சிரிப்பு வாங்குவது என் பொழுதுபோக்கு.

அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, மறதி வேறு; அசனத்தைக் கேட்டரிங்காரர்களிடம் விட்டுவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. இந்த வருடம் மட்டும் பார்ப்போம், ஏதாவது கெட்டால் கேட்டரிங்தான் என்று முடிவானது. அவருக்கும் அது தெரியும். அசனத்தன்று எல்லோருக்கும் முன்னால் வந்து அண்டா பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டார்.

பதினோரு மணிக்கு, விறகு ஈரம் என்று யாரையோ அதட்ட எழுந்து போனார். உப்புச் சட்டி தலைதட்டி நிறைந்திருந்தது. மறந்துவிட்டார், மானம் போகப்போகிறது என்று பதறி, அவரைக் காப்பாற்ற வந்த உத்தமனாக நான் நாலு கை அள்ளிப் போட்டேன்.

முதல் பந்தி உட்கார்ந்தது. தண்ணீர்ச் செம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"உப்பு எங் கை தப்பிட்டு. மன்னிச்சிக்கிடுங்க."

அவர் வாயில் அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதே இல்லை. அதன்பிறகு எனக்குக் கறி உறைக்கவில்லை, உப்புக் கரிக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. கேட்டரிங் என்று எழுதப்போகும் நேரத்தில் நான் எழுந்து, உப்பைப் போட்டது நான் என்றேன். இதுவும் என் டீக்கடை வேடிக்கை என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாக நான்தான் என்றேன், இன்னும் சிரித்தார்கள். கடைசியில் அண்ணாச்சிதான் மேசையைத் தட்டினார்.

"அவன் சொல்லுதது நெசம். நான் போட்டுட்டு, சட்டியத் திரும்ப நெறச்சி வச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா இவன் கையத் தட்டிக்கிட்டு நிக்கான். வாயில வச்ச பொறவுதான் வெளங்கிச்சு."

அப்புறம் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஐயர் கேட்டார்.

"பிள்ளகுட்டிக்காரன். பந்தியில வச்சு என்னத்தச் சொல்ல?"

அண்டா அவரிடமே இருந்தது. வெளியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏலே, டீக்கடையில என்னைய மாதிரி நடந்து காட்டுதியே, நானும் ஒருநாள் எதுத்தாப்புல நின்னு பாத்தேன். அதுவும் ஒனக்கு வரல."