மீன் வராமலே காய்ச்சிய கூழ்

எங்கள் பெரியக்காவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தங்கையின் வணக்கம். அக்காவைப் பொறுமைசாலி என்று எழுதும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவரிடம் ஏச்சு வாங்காதவர் குருநகரில் குறைவு.

கடற்றொழில் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் தாயார் இளவயதிலேயே கண்மூடியதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்களை வளர்த்தார். எங்களுக்கு ஒரு வழி பிறந்த பிறகே அத்தானைக் கைப்பிடித்தார்.

சில வருடங்களுக்கு முன், தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த சனம் எங்கள் ஒழுங்கை முனைப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. நாள்தோறும் வெறுங்கஞ்சிதான். "நாளைக்கு எல்லாருக்கும் ஒடியற்கூழ்" என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். அப்போது போர் காரணமாகக் கடலில் இறங்கத் தடை. இருந்தும், "மீனில்லாமல் என்ன கூழ்? ஒருக்காக் கடலுக்குப் போட்டு வாங்கோவன்" என்று அத்தானை அனுப்பியவரும் அவர்தான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய கிடாரம் அடுப்பில் ஏறியது. பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிந்துகொண்டிருந்தபோது கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. சற்று நேரத்தில், கரைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் எங்களிடம் வந்தார்.

"ஒளிச்சுப் போன மற்ற வள்ளங்கள் வந்திட்டுது அக்கா. அண்ணையின்ரையைத்தான் காணேல்லை."

"ஓம்" என்றார் அக்கா. விறகை உள்ளே தள்ளினார். அவ்வளவுதான்.

கூழுக்கு மீன் அவிந்த பிறகே, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து விடுவது வழக்கம். மா விட்டால் தடித்துவிடும். அதற்குப் பிறகு எந்த மீனும் சேராது. பிள்ளைகளோ கூழ் குடிக்கப் பலாவிலையைக் கோலிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, மாவை விடுவம். பிள்ளையள் பசியிலை நிக்குதுகள்" என்றேன்.

"வாயை மூடடி. அவர் மீனோடை வருவார்."

தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒழுங்கையில் காலடி கேட்டால் இருவரும் நிமிர்ந்து பார்ப்போம். யாரோ போவார்கள். கைக்குழந்தையொன்று விடாமல் வீறிட்டு அழுதது. அக்கா திடீரென எழுந்து, கரைத்து வைத்த மாவைச் சட்டியோடு தூக்கிக் கிடாரத்தில் ஊற்றினார்.

மீன் வராது என்று முடிவெடுத்துவிட்டார். மீன் மட்டுந்தானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எல்லோருக்கும் தன் கையாலேயே வார்த்தார். "உப்புக் காணுமோ ராசா? இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். மீன் எங்கே என்று கேட்ட வாண்டிடம், "அது கரைஞ்சு போச்சு, குடி" என்றார்.

பின்னேரம் அத்தான் வந்தார். வள்ளத்தின் இயந்திரத்தில் துப்பாக்கிச் சூடு பட்டு, வேறொரு கரையில் ஒதுங்கி, வெறுங்கையோடு நடந்து வந்திருந்தார். "கூழ் கிடக்கோ?" என்றுதான் முதலில் கேட்டார். அக்கா அகப்பையால் அவர் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, கிடாரத்தின் அடியைச் சுரண்டிக் கொடுத்தார்.

"நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுத்தான் மாவை விட்டவள்" என்று அத்தான் போகுமிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "உவருக்கு வேறை கதையில்லை" என்று அக்கா அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"அவர் சொல்லுறது உண்மைதானடி. அண்டைக்கு அவர் இல்லையெண்டுதான் நினைச்சனான். அழத் துவங்கியிருந்தால் அந்தச் சனம் பட்டினி கிடந்திருக்கும். என்ரை காலத்துக்குப் பிறகு அவருக்குச் சொல்லு."

சொல்லிவிட்டேன், அத்தான்.

தட்டுப்பாட்டு நேரத்தில் மருந்துக்கு அலைந்து திரிந்தவர்களுக்கும், சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற அயலவருக்கும், இரவு பகலாகப் பக்கத்தில் இருந்த தாதிமாருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அத்தான், அக்காவின் பெயரால் உங்களுக்கும் ஒரு நன்றி. அன்றைக்கு நீங்கள் திரும்பி வந்தீர்கள்.