முதுகில் ஒரு கை

சிவகாசியில் எங்கள் சர்ச் பாடகர் குழு மூன்று தலைமுறையாக நாலு குரலில் பாடுகிறது. பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவில் நான், பக்கத்தில் நிற்கும் ரோஸ் அக்காவின் குரலைப் பிடித்தே பாடிப் பழகியவள்.

பட்டாசுக் கம்பெனி விபத்தில் அக்காவுக்குக் காது போனது. ஆனாலும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பழைய இடத்தில் வந்து நின்றார்.

“எப்படிக்கா பாடுவீக?” என்று உதட்டசைவில் கேட்டேன்.

என் முதுகில் உள்ளங்கையை வைத்தார். “பாட்டு எனக்குத் தெரியும். நீ மூச்சு எடுக்கிறது தெரிஞ்சா போதும். நிமிர்ந்து நில்லு புள்ள.”

பாதியில் அவர் சுருதி இறங்கியது. வழக்கம்போல நானும் கூடவே இறங்கப் பார்த்தேன். முதுகில் அந்தக் கை இருந்தது. இறங்கவில்லை. கடைசி ஆமென் வரை என் சுருதியிலேயே நின்றேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் இப்போது என் பக்கத்தில் இடம் கேட்கிறார்கள். நிற்கட்டும். முதுகு அக்காவுக்கு.