பாட்டுக்குப் பூட்டு

கல்லூரிப் பெண்கள் விடுதியில் வார்டனக்காவுக்கு நல்ல பெயர் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. கேட்டைத் திறந்துவிட்டால் யாரும் நன்றி சொல்வதில்லை, மூடினால் மட்டும் திட்டுவார்கள். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. "திட்டு வாங்குறதுக்குத்தான் சம்பளம். வேலையெல்லாம் சும்மா செய்யறேன்" என்பாள் சமையல்காரியிடம்.

கல்யாணமான நாலாம் வருஷம், வேலை விஷயமாகப் போய்வருகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பி வரவில்லை. வேறொரு ஊரில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று அரசல்புரசலாகத் தெரியவந்தது. தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி மனைவி வாய் திறந்து ஒரு சொல் சொன்னவளில்லை; ஆனால் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, இரும்புக் கட்டில், சுவரில் சாவிப் பலகை, தாழ்வாரத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகவே பத்துப் பதினைந்து வருஷத்தைத் தள்ளிவிட்டாள். யார் சாப்பிடாமல் போகிறாள், யார் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அழுகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்பது கொஞ்சம், பார்ப்பது நிறைய.

இரண்டாவது மாடி மூலையில் ஒரு பொது அறை இருந்தது. நாலு பெண்கள் சேர்ந்து அங்கே பாட்டுப் பயிற்சி செய்தார்கள். ஒருத்தி கிதார், ஒருத்தி கீபோர்டு, ஒருத்தி டிரம்ஸ், ஒருத்தி பாடுகிறவள். அந்த அறையை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததே வார்டனக்காதான். "பொண்ணுங்க சத்தமா சிரிச்சா தப்பு, அழுதா தப்பு, பாடவாவது விடுங்க சார்" என்று பிரின்சிபாலிடம் போய் நின்று பேசி வாங்கினாள்.

பாடுகிறவள் மாணவர் பத்திரிகையில் இசை பற்றியும் எழுதிவந்தாள். வாரம் ஒருமுறை வரும் நாலு பக்கப் பத்திரிகை அது. நூலக வாசலில் அடுக்கி வைத்திருப்பார்கள், போனிலும் படிக்கலாம். கடைசிப் பக்கம் வாசகர் கடிதங்களுக்கு. குடிதண்ணீர் சரியில்லை, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று அதில் புலம்பல்கள் வரும். இசைக் கட்டுரைகளுக்கு மட்டும் ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

"அக்கா, நீங்களாவது நான் எழுதறதைப் படிக்கிறீங்களா?" என்று ஒருநாள் சாவி வாங்க வந்தபோது கேட்டாள்.

"படிக்கிறேன். பாதி புரியல. வயசான டிரம்காரர் ஒருத்தரைப் பத்தி எழுதியிருந்தியே, அது நல்லா இருந்துச்சு."

"அப்போ மொத்தம் ஒரே ஒரு வாசகி" என்று சிரித்துக்கொண்டே போனாள் அவள்.

அந்தப் பொது அறைக்கு அடுத்த அறையில் இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நடந்தால் சத்தம் வராது, பேசினால் காதில் விழாது; அதனால் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட இருந்தவள் களப்பயிற்சிக்கு வெளியூர் போயிருந்ததால் அப்போது தனியாக இருந்தாள். எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்த ஒரு பகல் நேரத்தில், குழாய் திறந்தே இருக்கிறதே என்று மாடிக்குப் போன வார்டனக்கா, குளியலறைத் தரையில் அவள் சுருண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தரையில் ரத்தம். ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"முதல்ல எழுந்திரு. என் தோளைப் பிடி."

போர்வையைச் சுற்றி, பின்வாசல் வழியாக டாக்ஸியில் ஏற்றிக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் யார் என்று கேட்டபோது சித்தி என்றாள். கரு கலைந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு வாரமாவது படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண் வார்டனக்காவின் மணிக்கட்டை விடவில்லை.

"எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரோட இருக்க மாட்டாங்க. சத்தியம் பண்ணுங்கக்கா."

"சத்தியமெல்லாம் எதுக்கு? சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

யார் அந்தப் பையன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? தன் அறையிலேயே பால் காய்ச்சி, முந்தானையில் மறைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். வயிற்று வலி என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பயிற்சி தொடங்கியது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வார்டனக்கா மாடிக்குப் போனபோது பூனை தலையணையால் காதை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தாள். டிரம்ஸ் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கட்டில் லேசாக அதிர்ந்தது.

"அது வயித்துக்குள்ள அடிக்குதுக்கா" என்றாள்.

வார்டனக்கா நேராகப் பக்கத்து அறைக்குப் போனாள். "ரெண்டு வாரம் இங்க வேணாம். கீழே சாப்பாட்டுக் கூடத்துல பண்ணிக்கோங்க. நான் மேசையெல்லாம் நகர்த்தித் தர்றேன்."

"அங்க எதிரொலிக்கும்க்கா. திடீர்னு ஏன்?" என்றாள் பாடுகிறவள்.

"காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

"சொல்ற காரணமா இருந்தா சொல்ல மாட்டேனா? சொன்னாக் கேளு."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். அடுத்த நாள் அவள் சாவி தராததால் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வார்டனக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. டிரம்ஸ் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவில் பெரிய பூட்டாக ஒன்றைத் தொங்கவிட்டாள். தாழ்வாரத்தில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

அந்த வாரப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே அந்தப் படம் வந்தது. பூட்டும், பூட்டுக்கு மேல் அவள் கையும், பாதி முகமும். தலைப்பு: 'பாட்டுக்குப் பூட்டு'. நன்றாகத்தான் எழுதியிருந்தாள் பாடுகிறவள். இசை இல்லாத வளாகம் சவக்கிடங்கு என்றும், வாழ்க்கையில் ஒருபோதும் பாடாத ஒருத்தி மற்றவர்களின் தொண்டைக்குக் காவலிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு வருஷமாக ஒரு கடிதம் வராத கட்டுரைக்காரிக்கு இப்போது கடிதங்கள் கொட்டின. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அடுத்த இதழில் வாசகர் பக்கம் இரண்டு பக்கமாயிற்று. இடம் போதாமல் மிச்சத்தைப் போனில் போட்டார்கள். வார்டனக்காவை நேரில் பார்த்தே இராத பையன்கள் சர்வாதிகாரி என்றார்கள். தத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவர், மௌனமும் அதிகாரமும் என்று ஒரு பத்தி எழுதினார். அதில் அவள் பெயர்கூட இல்லை, ஆனால் எல்லாம் அவளைப் பற்றித்தான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, தன் ரேடியோவை இவள் உடைத்துப் போட்டதாக எழுதினாள். இவள் யாருடைய ரேடியோவையும் தொட்டதில்லை. அந்தப் பெண் அம்மை போட்டுக் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. விடுங்க" என்றாள் சமையல்காரி.

விட முடியவில்லை. தன் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதத்தையும் படித்தாள். படிக்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைப்பாள், கை தானாகப் போய் எடுக்கும். தாழ்வாரத்தில் போகிறவர்கள் "பூட்டக்கா" என்று சொல்லிச் சிரிப்பது ஜன்னலில் கேட்டது.

பாடுகிறவள் ஒருநாள் வந்து நின்றாள். "உங்க தரப்பையும் போடலாம்னு பத்திரிகை ஆசிரியர் குழுவுல சொன்னாங்க. சொல்லுங்கக்கா, எழுதிக்கறேன்."

"எழுதறதுக்கு முன்னாடி வந்து கேட்டிருக்கணும். எழுதின அப்புறம் வந்து கேக்கறே."

"அப்பவே கேட்டேனே. நீங்க சொல்லல."

அது உண்மைதான்.

கடிதங்கள் நிர்வாகக் குழு வரை போய்விட்டன. பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மனிதர் கெட்டவரில்லை; தன் நாற்காலிக்குச் சேதம் வராமல் நல்லவராக இருக்கத் தெரிந்தவர்.

"ஏதாவது ஒரு காரணம் சொல்லும்மா. அதை வெச்சு நான் ஒரு விளக்கம் எழுதிப் போட்டு முடிச்சிடறேன். காரணமே இல்லாமப் பூட்டினேன்னா நான் என்ன பண்றது?"

அங்கேதான் தவறிவிட்டாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கண்ணும் மூடவில்லை. "பக்கத்து அறையில ஒரு பொண்ணுக்கு உடம்பு சரியில்ல சார்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை, நோய் சொல்லவில்லை. நல்ல செய்தி கிடைத்த சந்தோஷத்தில் அவர் அதையே விளக்கமாகப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்.

பக்கத்து அறை என்று சொன்னால் போதாதா? அன்று சாயங்காலமே பெண்கள் பூனையின் கதவைத் தட்டினார்கள். என்ன உடம்பு, டாக்டரைப் பார்த்தியா, எந்த டாக்டர் என்று கேட்டார்கள். பின்வாசலில் டாக்ஸியைப் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னாள். வார்டனக்கா ஓடிப்போய் எல்லோரையும் விரட்டினாள். கதவுக்குள்ளிருந்து பூனை அவளைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. 'சொல்லிட்டீங்களே' என்று மட்டும் இருந்தது.

அடுத்த இதழ் வாசகர் பக்கத்தில் முதல் கடிதம் பூனையுடையது. தன் பெயரைப் போட்டே எழுதியிருந்தாள்.

'பொது அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பது நான். எனக்கு எந்த நோயும் இல்லை. இரண்டு நாள் வயிற்று வலி, அவ்வளவுதான். தோழிகளின் இசை எனக்கு ஒருபோதும் தொந்தரவாக இருந்ததில்லை. சொல்லப்போனால் ஆறுதலாக இருந்தது. தன் தவறை மறைக்க வார்டன் என்னைப் பயன்படுத்தியது வருத்தமளிக்கிறது.'

வார்டனக்கா அதை ஒரே ஒரு தடவை படித்தாள். மற்றக் கடிதங்களைப் போல் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் பரிமாறினாள்.

விசாரணை என்று நாலு பேர் உட்கார்ந்தார்கள்.

"உடம்பு சரியில்லைன்னு நீங்க சொல்றீங்க. அந்தப் பொண்ணு இல்லைன்னு எழுதியிருக்கா. யார் சொல்றது பொய்?" என்று கேட்டார் பிரின்சிபால்.

ஆஸ்பத்திரிச் சீட்டு அவளுடைய பெட்டியில்தான் இருந்தது. எடுத்து மேசையில் வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. அவள் அந்த நாலு முகங்களையும் பார்த்தாள்.

"நான்தான் சார்."

வேலையை விட்டுத் தூக்கவில்லை, அவ்வளவு பெரிய மனது. விடுதியிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்துக் கிடங்கில் போட்டார்கள். கேட்டறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். துணிகளை மடித்துக்கொண்டிருந்த மத்தியானத்தில் பூனை வந்து கதவோரம் நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்தது.

"எனக்கு வேற வழி தெரியலக்கா."

வார்டனக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் கேட்டாங்க. அந்த டாக்ஸி விஷயமும் வெளிய வந்துடுச்சு. எழுதலைன்னா கண்டுபிடிச்சிருப்பாங்க. நீங்க அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா..."

"தப்புதான். அந்த ஒரு வார்த்தை என் தப்பு."

"என் மேல கோபமா?"

"உக்காரு" என்றாள் வார்டனக்கா. அவள் உட்காரவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது என் வாய். நீ பயப்பட வேணாம். ஆனா மன்னிச்சிட்டேன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்திருந்தா, அது வராது. அது என் மனசு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதே."

பூனை அழுதாள். முன்னெல்லாம் யாராவது அழுதால் எழுந்துபோய்த் தோளைத் தொடுவாள் வார்டனக்கா. அன்றைக்கு அவள் கை துணியை விட்டு வரவில்லை. வழக்கம்போல் சத்தமில்லாமல் அந்தப் பெண் போய்விட்டாள்.

பாட்டுக்காரிகள் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார்கள். வருஷக் கடைசிச் சிறப்பிதழில், அந்த ஆண்டு வாசகர்களிடம் அதிகம் பேசப்பட்ட கட்டுரை என்று 'பாட்டுக்குப் பூட்டு' மறுபடியும் அச்சானது. படமும் கூடவே வந்தது. கட்டுரைக்காரிக்கு அதைக் காட்டியே ஒரு பெரிய பத்திரிகையில் பயிற்சி வேலை கிடைத்தது என்று சமையல்காரி போன் பண்ணிச் சொன்னாள்.

"எதுக்கு இதையெல்லாம் என்கிட்ட சொல்றே?" என்று போனை வைத்துவிட்டாள் வார்டனக்கா. அதற்குப் பிறகு சமையல்காரியும் கூப்பிடவில்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் ஆள் கேட்டார்கள் என்று போய்ப் பார்த்தாள். நடத்துகிற அம்மா முதலில் முகமலர்ந்து பேசினாள். பிறகு பெயரைப் போனில் தட்டிப் பார்த்தாள். ஒரு தடவை போனைப் பார்த்தாள், ஒரு தடவை இவள் முகத்தைப் பார்த்தாள். "சொல்லி அனுப்பறோம்" என்றாள். இன்னும் இரண்டு இடத்திலும் அப்படியே ஆயிற்று. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை. மிஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்காது.

மறுபடியும் தம்பி வீட்டு மாடியறை. தம்பி மனைவி இந்தத் தடவை பாத்திரத்தைக்கூடச் சத்தம் போட்டு வைக்கவில்லை. பாவப்படுகிறாள் என்பது தெரிந்தது. அதற்கு அந்தச் சத்தமே மேல் என்று தோன்றியது வார்டனக்காவுக்கு. இப்போது அவளை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. உண்மையிலேயே அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா? இல்ல, நீ சும்மா..."

"நீயும் படிச்சியா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் காட்டினார். கடிதமெல்லாம்கூட இருந்துச்சு. அத்தனை பேர் எழுதியிருக்காங்களே, எல்லாருமா பொய் சொல்வாங்க?"

சின்ன வயதில் இவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அத்தனை பேரைப் போலவே அவனும் படித்திருக்கிறான், அத்தனை பேரைப் போலவே நம்பியிருக்கிறான்.

"இல்ல. நான்தான் சும்மா சொன்னேன்" என்றாள்.

தம்பி தலையை ஆட்டிக்கொண்டான், ஏதோ ஒரு பாரம் இறங்கினவன் மாதிரி. குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.