சரிவில் நிற்கும் ஜீப்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்த நாட்கள் அவை. கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். செல்ஃப் எடுக்காது. சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டுக் கிளப்பிக்கொள்வேன். மலையில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அன்று பாம்பு கடித்த ஒருவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன். அடிவாரம் தாண்டியதும் சாலையின் குறுக்கே புளியமரம். மறியலில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்கள்.

"கொல்லையில எறங்கி சுத்திக்கினு போயிடுங்க!"

சாலையோர நிலத்தில் இறங்கினேன். உழுத சேற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. அத்தனை பேரும் தள்ளியும் வண்டி நகரவில்லை.

ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் பேட்டரியில் கோளாறில்லை. சேற்றில் படுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றினேன். உள்ளே கார்பன் பிரஷ் அழுக்கேறி இறுகியிருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினேன். அவ்வளவுதான் வேலை.

தொட்டதும் எடுத்தது. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். பின்னாலிருந்து அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "மலைக்கே திருப்பிடுங்கண்ணே. இனிமே இன்னா அவசரம்?"

அந்த செல்ஃப் அதன்பிறகு ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஆனாலும் அதைத் தொட எனக்குக் கை வருவதில்லை. இன்றும் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துகிறேன்.