அக்காவுக்காக எழுதிய வீராங்கனை

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ரூல்ஸ். சும்மா வைக்கவில்லை. எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்டில் ஒன்பதாவதாக ஒரு கைக்குழந்தை ஏறினாலும் கதவைப் பிடித்துக்கொண்டு வழக்குப் பேசுகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் பூதம், சுரங்கம், பாழடைந்த கோட்டை என்று கதைவிட ஆரம்பித்துவிடுவான். வயது நாற்பதைத் தொடப்போகிறது. சிரிக்காதீர்கள், அது ஒரு விளையாட்டு.

பேக்கரியின் பின்பக்க அறையில், மாவு பிசைகிற மேசையைத் துடைத்துவிட்டு நாலு பேர் உட்காருவார்கள். ரூல்ஸ் கதை சொல்லுவான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷத்தில் புகுந்துகொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஜன்னல் வழியா குதிக்கிறேன்" என்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. கடைக்குச் சொந்தக்காரரான பேக்கரிக்காரர் அதில் மந்திரவாதி. பல் டாக்டரம்மா திருடி. வாரமெல்லாம் ஊரார் வாயில் கைவிட்டது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை ஊரார் பையில் கைவிடுவார். மூன்றாவது ஆள் ரூல்ஸின் சொந்த அக்கா. அவள் வாள்வீராங்கனை.

அக்காவுக்கு வேலை, வீட்டுச் சாமான் ரிப்பேர் பார்க்கிற ஒரு கம்பெனியின் புகார் கவுண்டரில். வாஷிங் மெஷின் ஓடாதவன், ஃப்ரிட்ஜ் குளிராதவன், அத்தனை பேரும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போவது அவளிடம்தான். வீட்டுக்குப் போனால் மாமனாருக்கு முழங்கால் வலி, மகளுக்குப் பரீட்சை, புருஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எல்லாவற்றுக்கும் அக்கா, அக்கா, அக்கா. அவள் வாய்விட்டுச் சிரித்து ரூல்ஸ் பார்ப்பது அந்த மாவு மேசையில் மட்டும்தான்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் டீயை ஊதிக்கொண்டே, "டேய், இந்த மாசத்தோட நான் நிறுத்திக்கிறேன்" என்றாள்.

"ஏன்க்கா?"

"போரடிக்குதுடா. வெட்டு, வெட்டு, வெட்டு. அதைத் தவிர என் ஆளுக்கு என்ன தெரியும் சொல்லு?"

 அக்கா போனால் இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அக்கா இல்லாத மேசை ரூல்ஸுக்கு எதற்கு? கல்யாணம், காட்சி, ஆஸ்பத்திரி என்று மட்டும் பார்த்துக்கொள்கிற அக்கா தம்பியாக அவர்களும் ஆகிவிடுவார்கள். அதை நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. எப்பாடு பட்டாவது அவளை உட்காரவைப்பது என்று முடிவுகட்டினான்.

அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. விதிப் புத்தகத்தில் இருக்கிற வீரர் வகைகள் பிடிக்கவில்லையென்றால் சொந்தமாக ஒரு வகையை உண்டாக்கிக்கொள்ளலாம். லேசான காரியம் இல்லை. பலம் கூடிப்போனால் மற்றவர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். குறைந்துபோனால் விளையாடுகிறவருக்குக் கொட்டாவி வரும். ரூல்ஸ் மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டு நேரமெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டான். எழுதியதைச் சோதித்துப் பார்க்க, வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பகடை. மனைவிதான் பூதம்.

"நான் செத்துட்டேனா, இருக்கேனா? சீக்கிரம் சொல்லுங்க, பாத்திரம் கழுவணும்" என்பாள் பூதம்.

ஒருவழியாக வகை பிறந்தது. பெயர் கோட்டைக்காரி. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு விழுகிற அடியெல்லாம் அவள்மேல் விழும். அடி வாங்க வாங்க அவளுக்கு உரம் ஏறும். நகர மாட்டாள், சாய மாட்டாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தான். அச்சு அசல் அக்கா!

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்காரி களம் இறங்கினாள். அடடா, பேக்கரிக்காரருக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே! "கோட்டை இருக்கப் பயம் எதுக்கு?" என்று அவருடைய மந்திரவாதி எதிரிக் கூட்டத்தின் நட்டநடுவில் போய் நின்றுகொண்டார். டாக்டரம்மாவின் திருடி தூங்குகிற பூதத்தின் காதைப் பிடித்துத் திருகினாள். அம்பு, கல், கதாயுதம், கடி எல்லாம் அக்காவின் கணக்கில் ஏறிக்கொண்டே போயின. ரூல்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதியபடியே எல்லாம் வேலை செய்கிறதே! அக்கா பேச்சை நிறுத்தி வெகுநேரம் ஆகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

"இதை யாரை நெனச்சுடா எழுதின?"

"உன்னைத்தான்க்கா" என்றான், பல்லெல்லாம் தெரிய.

அக்கா பகடையை மேசையில் வைத்தாள். "வாரம் பூரா கவுண்டர்ல வாங்குறேன். சாயங்காலம் வீட்டுல வாங்குறேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கிடைக்குது, இங்கயும் நான்தான் வாங்கணுமா?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

ரூல்ஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை நாள் உழைப்பு! மனைவியிடம் கொட்டித் தீர்த்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னைக் கேட்டீங்க, பகடையைக் கேட்டீங்க. உங்க அக்காகிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. அக்காவை அவனுக்குத் தெரியாதா என்ன, என்று இருந்துவிட்டான். ஊரில் எல்லாரும் அவள் விஷயத்தில் அப்படித்தானே இருந்தார்கள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவின் கம்பெனிக்குப் போனான். வரிசையில் முந்துவது அவன் ரத்தத்திலேயே கிடையாது. டோக்கன் வாங்கி, மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியுமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே காத்திருந்தான். முன்னால் இருந்த ஒருவர் அக்காவைப் பார்த்துக் கத்திய கத்தலில் இவனுக்குக் கை துறுதுறுத்தது. அக்கா "சரிங்க சார், சரிங்க சார்" என்று எழுதிக்கொண்டிருந்தாள். இவன் முறை வந்தது.

"என்ன புகார்?" என்று நிமிர்ந்தவள், "நீ எதுக்குடா வந்தே?" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. உன் ஆள் எப்படி இருக்கணும்? நீ சொல்லு, அப்படியே எழுதுறேன்."

"லூசாடா நீ? பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

"சொன்னாத்தான் போவேன்."

அக்கா பேனாவை மூடினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஓடணும். யார் வர்றா, யார் வரலைன்னு திரும்பிப் பாக்காம, முதல் ஆளா ஓடணும். கத்தணும். நான் கத்துனா எதிர்ல நிக்கிறவன் வாய மூடணும்."

"பலவீனம் ஒண்ணு வேணும்க்கா. இல்லேன்னா ரூல்ஸ்படி..."

"அவளை யாராலயும் காப்பாத்த முடியாதுன்னு எழுது."

"அக்கா, அது ரொம்ப..."

"எழுதுடா."

எழுதினான். மனசே இல்லாமல் எழுதினான். பாய்ச்சல்காரி என்று பெயரும் அவளே வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தின் வாசலில் மலைப்பூதம் படுத்திருந்தது. பேக்கரிக்காரர் யோசனை சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஓடுறேன்!" என்றாள். அப்புறம் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், ரொட்டித் தட்டுகளெல்லாம் அதிர்ந்தன! பூதம் வாயை மூடியது. அக்கா வெட்டினாள், மறுபடி ஓடினாள், மறுபடி வெட்டினாள். டாக்டரம்மா கைதட்டினார். முகமெல்லாம் சிவந்து, முடி கலைந்து, இப்படி ஒரு அக்காவை ரூல்ஸ் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

இப்போது பூதத்தின் முறை. கதை சொல்கிறவன் பகடையை ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டுவது வழக்கம். உருட்டினான். இருபது. அக்காவின் ஆள் சாக வேண்டும், தப்ப வழியே கிடையாது.

 விழுந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். 'மூணு, தப்பிச்சிட்டே' என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? செத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள். இந்த முறை போனால் போனதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொல்ல வாயெடுத்தான்.

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அட்டையை எடுடா."

"அக்கா..."

"நான் ஓடினது நிஜம்னா அதுவும் நிஜமா இருக்கட்டும். எடு."

எடுத்தான். எல்லாரும் இருபதைப் பார்த்தார்கள். "அய்யோ!" என்றார் பேக்கரிக்காரர்.

"செத்துட்டேக்கா" என்றான் ரூல்ஸ். 

அக்கா மேசையை ஓங்கித் தட்டிச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆனா முதல் ஆளா போனது யாரு?"

"நீதான்க்கா."

"அப்படிச் சொல்லு!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, பேப்பரை எடு. செத்தவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு, இனிமே அவதான் என் ஆள். அவ இவளை விட மோசம்."